நடந்து வாழத்தக்க இடம்

வீடு தேடுவார் கேட்கும் கேள்விகள் நாம் அறிந்தனவே. நீர் இனிக்குமா உவர்க்குமா, வாடகை எத்துணை, முன்பணம் எத்தனை மாதத்திற்கு, வாசல் எத்திசை நோக்கியது, மாடியில் குடியிருப்போர் எத்தகையோர் என்பன அவை. மனை வாங்குவாராயின் பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் கேட்பர். இவையெல்லாம் கேட்கத்தக்கனவே. ஆயின் இவ்வீட்டினின்றும் புறப்பட்டு இரண்டு கால்களால் எங்கெங்குச் சென்று மீளலாம் என்று கேட்பாரை யாம் அரிதாகவே கண்டுள்ளோம். ஏனைய கேள்விகளுக்கு முன்னர் அதுவே கேட்கப்படல் வேண்டுமென்பது எம் கருத்து. இவ்வாண்டு இக்கல்லூரியை விட்டு நீங்கும் மாணவர் பலர் சில திங்களில் அயலூர்களில் உறையுள் தேடுவர். பழைய மாணவருட் பலர் ஓய்வு பெற்று மனை வாங்கும் பருவத்தினர். ஆகலின் இதனை எழுதத் துணிந்தோம்.

மனைப்பிரிவு விற்போர் அச்சிடும் விளம்பரத் தாள்களைச் சற்றே நோக்குமின். பேருந்து நிலையத்தினின்றும் பத்தே நிமிடம், பள்ளிக்கு ஐந்தே நிமிடம் என்று அவை பேசும். எதன்மேல் ஏறிச் சென்றால் பத்து நிமிடம் என்பதை மட்டும் பேசா. மோட்டார் சைக்கிளில் பத்து நிமிடத்தில் ஓடும் தொலைவை நடந்து கடக்க ஒரு மணி நேரத்திற்கு மேலாகும். அம்மோட்டார் சைக்கிளோ ஒரு குடும்பத்தில் பெரும்பாலும் ஒன்றே உளது. காலை எட்டு மணிக்கு அது தந்தையாரோடு அலுவலகத்திற்குப் போய்விடுகிறது. அதன்பின் அவ்வீட்டில் எஞ்சுவோர் தாயாரும், பாட்டனாரும் பாட்டியாரும், பள்ளி விடுமுறை நாளாயின் சிறுவருமாவர். வீட்டைத் தேர்ந்தவர் ஊர்தி உடையவர். அதனுள் நாள் முழுதும் வாழ்வோர் ஊர்தி இல்லாதவர். இவ்வொரு முரண்பாட்டைக் கண்டுகொண்டால் நாம் கூறவருவதிற் பாதி விளங்கிவிடும்.

நடந்து எட்டும் தொலைவு என்பது எவ்வளவு? இதனை அளந்து கூறினோர் பலர். அமெரிக்க அறிஞரான கிளாரென்ஸ் பெர்ரி என்பார் 1929-ஆம் ஆண்டில், நியூயார்க் வட்டாரத்திற்கு வகுக்கப்பெற்ற நகரமைப்புத் திட்டத்தின் ஒரு பகுதியாகக் குடியிருப்பு ஒன்றன் இலக்கணத்தை எழுதினார். நடுவே தொடக்கப்பள்ளி, அதனைச் சுற்றி ஏறக்குறையக் கால் மைல் தொலைவிற்குள் வீடுகள், ஓரங்களிற் கடைகள், விரைந்தோடும் வண்டிகளுக்குரிய பெருஞ்சாலைகள் எல்லையிலேயே நின்றுவிடல் வேண்டும், குழந்தை பெருஞ்சாலை எதனையும் கடவாது பள்ளி சேர்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. பாரிசு நகரில் கார்லோஸ் மொரேனோ என்னும் பேராசிரியர் 2016-ஆம் ஆண்டில் இதனையே காலத்தால் அளந்து, நாள்தோறும் வேண்டுவன யாவும் நடந்தோ சைக்கிளிலோ பதினைந்து நிமிடத்தில் எட்டுதல் வேண்டும் என்றார். வேதாகமம் பயில்வோர்க்கு இதனினும் பழைய அளவு ஒன்று நினைவிற்கு வரும். ஒலிவ மலை எருசலேமுக்கு ஓய்வுநாட் பிரயாண தூரத்தில் இருந்ததாக அப்போஸ்தலர் நடபடிகளிற் காண்கிறோம். அத்தூரம் இரண்டாயிரம் முழமென்பது யூதர் வழக்கு. நம் கணக்கில் ஏறக்குறையத் தொள்ளாயிரம் மீட்டர், அஃதாவது பன்னிரண்டு நிமிட நடை. ஓய்வுநாளிலும் ஒருவர் சிரமமின்றி நடக்கக்கூடிய எல்லை அது. பாரிசுப் பேராசிரியரின் கணக்கிற்கு அஃது இத்துணை அணித்தாயிருத்தல் வியப்பே.

மேலைநாட்டார் எழுதிக் கற்பிக்கும் இதனைத் தமிழ் பயிலும் நாம் புதுமையென்று கொள்ளல் வேண்டா. சிலப்பதிகாரத்தில் இளங்கோவடிகள் புகாரை மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என இரண்டாகப் பகுத்துக் காட்டி, இரண்டிற்கும் நடுவே மரச்சோலையில் நாளங்காடியை வைக்கிறார். மருவூர்ப்பாக்கத்தில் நெய்வோரும், உப்பு விற்போரும், மீன் விற்போரும், தச்சரும், தையற்காரரும், கடல்கடந்து வந்த யவனரும் தத்தம் தொழில் செய்யும் தெருக்களிலேயே உறைகின்றனர். மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனார் பகலங்காடியோடு அல்லங்காடியையும் காட்டுகிறார். கடையும் மனையும் கோயிலும் கலந்து கிடந்தமையாலன்றோ அப்புலவர்கள் ஊரை அணியணியாக விரிக்க முடிந்தது! இந்நாள் ஒருவர் நம் புறநகர் மனைப்பிரிவு ஒன்றனைப் பாடப் புகுவாராயின், வேலி, வாயிற் கம்பிக் கதவு, மீண்டும் வேலி என்று பாடி இரண்டாம் அடியிலேயே நிறுத்திவிட நேரும்.

இனி நம் மதுரையையே எடுத்துக்கொள்வோம். கோயிலை நடுவாக வைத்து, ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என ஒன்றன்புறம் ஒன்றாகச் சதுரமாகச் சூழ்ந்த வீதிகளை உடையது இந்நகர். இரயில் நிலையத்தில் இறங்குவோர் மேலைக் கோபுரத்தை அடைய ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நடந்தாற் போதும். தெற்கு ஆவணி மூல வீதியில் நகைக்கடைகள். கீழமாசி வீதியில் மளிகை மண்டிகள். சந்துகளில் தையற்காரரும், பாத்திரக்காரரும், பூக்கட்டுவோரும். வெளி வீதிகள் ஒருகாற் கோட்டை மதிலும் அகழியும் கிடந்த இடத்தை ஒட்டியவை. 1840-களில் கலெக்டராயிருந்த பிளாக்பர்ன் மதிலை இடித்து அகழியைத் தூர்த்து ஊரை விரியச் செய்தார். அப்பணியிற் பங்குகொண்டோர் பெயரால் பெருமாள் மேஸ்திரி வீதியும் மாரட் வீதியும் இன்றும் வழங்குகின்றன. பிளாக்பர்னின் நினைவாக நிறுத்திய விளக்குத்தூண் அப்பகுதிக்கே பெயராயிற்று. ஊர் விரிந்ததேயன்றிப் பழைய சதுரம் கெடவில்லை என்பது ஈண்டுக் கருதத்தக்கது. புதிய வீதிகளும் பழையவற்றின் போக்கையே தழுவின. அவையும் நடந்து கடக்கும் அளவினவாகவே அமைந்தன. சித்திரை வீதிகளில் இந்நாள் மோட்டார் வண்டிகளுக்கு இடமில்லை. மாலையில் அங்குக் கற்பாவிய தரையிற் குழந்தைகள் ஓடுவதையும், முதியோர் கோயில் மதிலை ஒட்டி அமர்ந்திருப்பதையும் கண்டோர், ஊர்தி ஒன்று நீங்கினால் ஒரு வீதி எத்துணைப் பெரிதாகும் என்பதை அறிவர்.

திண்ணையையும் ஈண்டு மறத்தற்கில்லை. நடப்பவர்க்கு நிழலும் இருக்கையும் வேண்டும். மதுரையின் சித்திரை வெயிலில் நிழலின்றிக் கால் மைல் நடப்பதினும் மாலையில் மூன்று மைல் நடப்பது எளிது. பழைய தெருக்கள் குறுகியனவாயினும் ஒரு புறத்து வீடு மறுபுறத்திற்கு நிழல் தந்தது. திண்ணை, முன்பின் அறியாதவரும் சற்றே அமர இடந்தந்தது. திண்ணையை இடித்துக் கார் நிறுத்தும் கொட்டில் கட்டிய நாளில், வீட்டிற்கும் தெருவிற்கும் இருந்த உறவு ஒன்று அறுந்தது.

இவ்வளவும் கேட்டபின், பழைய நகரத்திலேயே அனைவரும் போய்க் குடியேறுக என்று கூறுகிறோமோ என ஐயுறற்க. அதற்குத் தடைகள் பல. இடநெருக்கமும், சாக்கடையும், கிடங்குகளாய் மாறிவிட்ட வீடுகளும், விடியுமுன் தொடங்கும் சரக்கு வண்டிகளின் இரைச்சலும் எல்லாரும் அறிந்தவை. அவற்றை விரைந்து கடந்து, அவற்றினும் பெரிய தடை ஒன்றனைச் சொல்லல் வேண்டும்.

நடந்து வாழத்தக்கனவாய் இருந்த நம் பழைய ஊர்கள் எல்லார்க்கும் நடக்கத்தக்கனவாய் இருந்ததில்லை. இவ்வுண்மையை மறைத்துவிட்டுப் பழமையைப் பாராட்டுவது நேர்மையாகாது. திருவிதாங்கூரைச் சேர்ந்த வைக்கத்தில் 1924-ஆம் ஆண்டு மார்ச்சு 30-ஆம் நாள் தொடங்கிய சத்தியாக்கிரகம் கோயிலுக்குள் நுழைவதற்கு நிகழ்ந்ததன்று. கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடப்பதற்கு நிகழ்ந்தது. பெரியார் ஈ. வெ. ராமசாமி அதிற் கலந்து சிறை புகுந்தார். அறுநூறு நாட்களுக்கு மேல் போராடியும் 1925-ஆம் ஆண்டு நவம்பரில் மூன்று பக்கத்துத் தெருக்களே திறந்தன; கிழக்குத் தெரு அனைவர்க்கும் உரியதாக 1936-ஆம் ஆண்டுக் கோயில் நுழைவுப் பிரகடனம் வரை பொறுக்க வேண்டியதாயிற்று. நம் மதுரையிலோ 1939-ஆம் ஆண்டு சூலை 8-ஆம் நாளே வைத்தியநாத ஐயர் தலைமையில், விலக்கப்பட்டிருந்த மக்கள் மீனாட்சியம்மன் கோயிலுள் அடிவைத்தனர். நடத்தல் என்பது உடற்பயிற்சி மட்டும் என்று எண்ணுவோர் இவ்விரு நிகழ்ச்சிகளையும் எண்ணிப் பார்ப்பாராக.

அத்தடை முற்றும் ஒழிந்ததென்று கூற எமக்கு நா எழவில்லை. சென்ற ஆண்டு எம் இல்லத்தார் நகரின் உட்பகுதியில் வாடகைக்கு வீடு தேடினர். ஓரிடத்தில் வாடகையும் முன்பணமும் பேசி முடிந்தன. எம் தந்தையார் தம் பெயரைச் சொன்னதும், வீட்டுக்காரர் உள்ளே சென்று மீண்டு, அவ்வீடு முந்தின நாளே பேசி முடிந்துவிட்டதாக மிக்க பணிவோடு கூறினார். வேறிரண்டு வாயில்களில் சைவ உணவினர்க்கு மட்டும் என்ற பலகை தொங்கியமையால் அங்கெல்லாம் பெயர் சொல்லும் தொல்லையே நேரவில்லை. எம்மினும் எளியோர்க்கு எத்தனை வாயில்கள் இவ்வாறு அடைபட்டிருக்கும்! ஆகலின், நல்ல இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள் என்று எழுதும்போதே, தேர்ந்துகொள்ளும் உரிமை சிலர்க்கே முழுதும் வாய்த்துள்ளது என்பதையும் எழுத வேண்டியவராகிறோம். வீடுடைய பழைய மாணவர் பலர் இவ்விதழைப் படிப்பர். தம் வீட்டின் மாடியை வாடகைக்கு விடும்போது அவர்கள் இதனை எண்ணிப் பார்ப்பாராயின் நன்று.

உள்ளே இடங்கிடையாதோர் புறத்தே செல்கின்றனர். எம்முடன் பயிலும் நண்பர் ஒருவரின் குடும்பத்தார் தெற்கு மாசி வீதியின் அருகில் முப்பதாண்டு வாடகைக்கு இருந்துவிட்டு, ரிங் ரோடு என வழங்கும் சுற்றுச்சாலைக்கு அப்பால் சொந்த வீடு கட்டிச் சென்றனர். வீடு நல்ல வீடே. காற்றும் வெளிச்சமும் குறைவில்லை. கிணற்றில் நீரும் உண்டு. அவருடைய பாட்டியார்க்கு எண்பது வயது. பழைய வீட்டில் இருந்த காலத்தில் நாள்தோறும் காலையில் பூவும் கீரையும் வாங்கத் தாமே செல்வார். வழியில் நால்வரோடு பேசுவார். முழங்கால் வலிக்கு மருந்து வாங்கிக்கொண்டு திரும்புவார். புதிய வீட்டில் கடை ஒன்றரைக் கிலோமீட்டர்க்கு அப்பால் உளது. வழியில் நடைபாதையும் இல்லை, விளக்கும் இல்லை, நாய்கள் மட்டும் உள. யாம் சென்றிருந்தபோது அவ்வம்மையார் வாயிற் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு சாலையை நோக்கி நின்றார். ஏன் பாட்டி வெயிலில் நிற்கிறீர்கள் என்றதற்கு, யாராவது போகிறார்களா என்று பார்க்கிறேன், தம்பி என்றார். அரை மணி நேரத்தில் இரண்டு கார்களும் ஒரு நீர் லாரியும் சென்றன.

இக்காலத்திற் கைப்பேசியைத் தட்டினால் கீரையும் மருந்தும் வாயிலுக்கே வருகின்றனவே, நடப்பானேன் என்று சிலர் வினவுவர். வருவது உண்மை, பொருள் வருகிறது. அப்பாட்டியார்க்குக் கீரைக்குப் பஞ்சமில்லை. அவர் இழந்தது கீரைக்காரியை. அன்றியும், நம் வாயிலுக்குப் பொருள் கொணரும் இளைஞர் நமக்காக அச்சாலையில் விரைந்தோடுகிறார்; நாம் நடவாமல் இருப்பதற்கு மற்றொருவர் விலை கொடுக்கிறார் என்பதையும் எண்ணுதல் வேண்டும்.

தொலைவு குறைந்திருத்தல் மட்டும் போதாது. வழி நடக்கத்தக்கதாயும் இருத்தல் வேண்டும். இந்திய நாட்டில் 2022-ஆம் ஆண்டிற் சாலை விபத்துக்களில் இறந்தோர் 1,68,491 பேர் என்பது மத்திய அரசின் கணக்கு. அவருள் ஐந்தில் ஒரு பங்கிற்குச் சற்றே குறைந்தோர் நடந்து சென்றோர். நடைபாதையில் தடையற்ற அகலம் 1.8 மீட்டரேனும் இருத்தல் வேண்டும், உயரம் 15 சென்டிமீட்டருக்கு மிகுதல் கூடாது என்று இந்தியச் சாலைப் பேரவை நெறி வகுத்துள்ளது. நம் தெருக்களில் நடைபாதை என்பது பெரும்பாலும் சாக்கடையின் மூடியே. ஒரு கல் பெயர்ந்து கிடக்கும், அடுத்து மின்மாற்றி, அதனை அடுத்து வரிசையாய் மோட்டார் சைக்கிள்கள், பின் ஒரு கடையின் படிக்கட்டு. முழங்கால் உயரம் ஏறி இறங்கவல்ல இளைஞரும் அதனைக் கைவிட்டுச் சாலையிலேயே நடக்கின்றனர். இதன் பழியைத் தரைக்கடை வைத்திருப்போர் மேற் சுமத்துவது வழக்கமாயிற்று. யாம் அதற்கு உடன்படோம். கொய்யாப்பழக் கூடையைச் சுற்றிச் செல்லலாம்; அன்றியும், அக்கூடை இருக்கும் தெருவில் இரவு ஒன்பது மணிக்கும் ஒரு பெண் அச்சமின்றி நடக்கலாம். நிறுத்திய கார் எவர்க்கும் துணையாகாது.

உச்ச நீதிமன்றம் 2025-ஆம் ஆண்டு மே திங்களில், நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு காக்கும் உயிர்வாழும் உரிமையுள் அடங்கும் எனக் கூறி, மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தத் தகும் நடைபாதைகளை அமைக்குமாறு பணித்தது. சென்னையில் 2019-ஆம் ஆண்டு நவம்பரிற் பாண்டி பசாரில் நடப்போர்க்கென அகன்ற பாதைகள் அமைத்துத் திறந்தனர். இவை மகிழத்தக்கனவே. எனினும் கடைவீதி ஒன்றை அழகுசெய்வதினும், பள்ளிகளையும் ஆஸ்பத்திரிகளையும் பேருந்து நிறுத்தங்களையும் சுற்றிய அரைக் கிலோமீட்டரைச் செம்மை செய்வதே முந்தியதென்போம். தமிழ்நாட்டில் 2021-ஆம் ஆண்டு மே திங்கள் முதல் மகளிர் நகரப் பேருந்துகளிற் கட்டணமின்றிச் செல்கின்றனர். ஆயின் நிறுத்தம் வரையும், நிறுத்தத்தினின்றும் செல்லும் வழி இருளாயும் சேறாயும் இருப்பின் அக்கட்டணமில்லாப் பிரயாணமும் எட்டாக் கனியே.

அரசினர் செய்வனவற்றை அரசினர் செய்க. வீடு தேடுவார் செய்யக்கூடியது ஒன்று உண்டு. முன்பணம் கொடுக்குமுன் ஒரு நாள் மாலை ஏழு மணிக்கு, வீட்டிலுள்ளோருள் மிக முதியவரையும் மிக இளையவரையும் உடனழைத்துக்கொண்டு, அவ்வீட்டிலிருந்து மளிகைக்கடைக்கும், மருந்துக்கடைக்கும், பேருந்து நிறுத்தத்திற்கும் நடந்து பாருங்கள். ஊர்தியைத் தெருமுனையிலேயே விட்டுவிடுங்கள். எத்தனை இடத்திற் குழந்தையின் கையைப் பற்றி இழுக்க நேர்ந்தது, எத்தனை இடத்தில் முதியவர் தயங்கி நின்றார், உட்கார ஓரிடமேனும் இருந்ததா என்று குறித்துக்கொள்ளுங்கள். அவ்வழி இனிதாயின், வாடகை ஆயிரம் இரண்டாயிரம் மிகுதியாயினும் கொடுக்கலாம். இரண்டாவது மோட்டார் சைக்கிள் வாங்காமையால் அத்தொகை மீண்டுவிடும்.

மதுரையில் ஓரிடத்தைக் குறிக்குமாறு எம்மைக் கேட்பாராயின், வையையின் வடகரையையே சொல்வோம். பிள்ளைகள் பயிலும் குடும்பத்தார்க்கு நரிமேடும் சின்னச் சொக்கிகுளமும் ஏற்றவை. கல்லூரிகள் நடந்து செல்லும் தொலைவில் உள்ளன. தமுக்கமும் காந்தி நினைவு அருங்காட்சியகமும் மாலை நடைக்கு உரியன. புது நத்தம் சாலையில் 2023-ஆம் ஆண்டு சூலையில் திறக்கப்பெற்ற கலைஞர் நூற்றாண்டு நூலகமும் நடக்க விரும்புவார்க்குத் தொலைவன்று. முதியோர் உள்ள குடும்பத்தார்க்கு ஷெனாய் நகரைச் சொல்வோம். இராசாசி அரசு மருத்துவமனை அருகில் உளது. கோரிப்பாளையச் சந்திப்பை முதியோர் தனியே கடத்தல் அரிது. ஆகலின் மருத்துவமனைக்கும் வீட்டிற்கும் இடையே அச்சந்திப்பு அமையாதவாறு வீட்டைப் பார்த்துக்கொள்ளல் நன்று. எம் இல்லத்தார் இறுதியில் அப்பகுதியிலேயே வீடு பெற்றனர். வீட்டுக்காரர் எம் பெயரைக் கேட்டார்; பிறகு, மாடிப்படி செங்குத்தாயிற்றே, உங்கள் ஆச்சி ஏறுவார்களா என்று கேட்டார்.